நம் பகுதிக்கு ஒரு பொது நீச்சல் குளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பழைய மெட்ராஸ் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் நாங்கள் ஏழெட்டுப் பேர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவருகிறோம். அல்சூருக்கும் டின் ஃபேக்டரி சந்திப்புக்கும் நடுவில், எல்லாரும் நடந்தோ ஒரே பஸ்ஸிலோ வந்து சேரக்கூடிய ஓரிடத்தில், ஒரு பொது நீச்சல் குளம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டே பலர் கேள்வி கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். சிலவற்றுக்கு வாசலில் நின்றபோது எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எந்த மாதிரிக் குளம் கேட்கிறீர்கள்?

25 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஆறு லேன். ஒரு முனையில் 0.9 மீட்டர் ஆழம், மறுமுனையில் 1.8 மீட்டர். பக்கத்தில் சிறு பிள்ளைகளுக்கு முழங்கால் அளவுத் தொட்டி ஒன்று. மேலே கூரை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக உடை மாற்றும் அறை, கழிப்பறை, ஷவர். சக்கர நாற்காலி இறங்கும் சாய்தளம். இவ்வளவுதான். உணவகமும் உடற்பயிற்சிக் கூடமும் சேர்த்தால் வருமானம் வரும் என்று சிலர் சொன்னார்கள். சேர்த்தால் கட்டணம் ஏறும், கட்டணம் ஏறினால் யாருக்காகக் கேட்கிறோமோ அவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் தெருக்களில் பாதிக் குடும்பங்களுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். ஆலை வேலைக்கென்று இங்கே வந்த எங்கள் அப்பாக்களில் நீச்சல் தெரியாதவர் அபூர்வம். யாரும் காசு கொடுத்துக் கற்கவில்லை. மாமாவோ சித்தப்பாவோ முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கிணற்றுப் படியிலிருந்து இறக்கிவிடுவார். நானும் அப்படித்தான் கற்றேன். ஏழு வயதில், ஆரணிக்குப் பக்கத்தில் பாட்டி வீட்டுக் கிணற்றில். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் என் தாய்மாமா. மூன்றாம் நாள் என்னிடம் சொல்லாமலேயே கயிற்றை விட்டுவிட்டார். எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கயிறு பாட்டுக்குத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கிணறு வறண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பிள்ளைகள் இந்த நகரத்தில் பிறந்தவர்கள். படிக்கட்டுக் கிணறும் இங்கே கிடையாது, கயிற்றைப் பிடித்துக்கொள்ள மாமாவுக்கு நேரமும் கிடையாது. தண்ணீரின் இழுப்பு மட்டும் அவர்களிடம் அப்படியே இருக்கிறது. கோடை விடுமுறை விட்டால் மேகதாது, சங்கமம், ஒகேனக்கல் என்று கிளம்பிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போகக் காசு இல்லாத பையன்கள் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளைத் தேடிப் போகிறார்கள். ஆற்றுக்கும் ஏரிக்கும் சரிவான கரை உண்டு, ஆழம் காலுக்குத் தெரியும். குவாரிக் குட்டையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறவன் அடுத்த எட்டு வைத்தால் பாறை வெட்டின விளிம்புக்கு அப்பால் போய்விடுவான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னதை அங்கே எந்தக் காலாலும் கடைப்பிடிக்க முடியாது.

2011 மே மாதம் என் அக்காள் மகன் நண்பர்கள் மூவரோடு அப்படி ஒரு குட்டைக்குப் போனான். அவனுக்குப் பதினான்கு வயது. தகவல் வந்து நாங்கள் ஓடியபோது கரையில் நான்கு ஜோடிச் செருப்புகள் இருந்தன. சாயங்காலம் மூன்று பையன்கள் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். நான்காவது ஜோடியை என் அக்காள் முந்தானையில் சுற்றி எடுத்துவந்தாள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். நம் நாட்டில் 2022-இல் மட்டும் 38,000-க்கும் மேற்பட்டோர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. நாளுக்கு நூறு பேருக்கும் மேல். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் பாதுகாப்பான மீட்பு முறையும் கற்பிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பு வழிகளில் ஒன்று. 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 25 நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

நீச்சல் தெரிந்துவிட்டால் எந்த ஆற்றிலும் இறங்கலாம் என்று நான் சொல்லவில்லை. மேகதாதுவின் சுழல் நன்றாக நீந்துகிறவரையும் விழுங்கிவிடும். வகுப்பில் முதலில் சொல்லித்தருவதே எங்கே இறங்கக் கூடாது என்பதுதான். அடுத்தது, மூழ்குகிறவனைக் காப்பாற்றத் தானும் குதிக்காதே என்பது. ஒருவன் தவறி விழ, அவனைத் தூக்கப் போன அண்ணனும் நண்பனும் சேர்ந்து போகிற செய்தியைக் கோடைதோறும் படிக்கிறோம். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு துண்டையோ துப்பட்டாவையோ நீட்டு, காலியான தண்ணீர்க் கேனை வீசு, ஆட்களைக் கூப்பிடு. இதை ஒரு பிள்ளை மனத்தில் பதித்துக்கொள்ள ஒரே வகுப்பு போதும். அந்த ஒரு வகுப்பு அன்று அந்த நான்கு பேரில் யாருக்கும் கிடைத்திருக்கவில்லை.

குடிக்கத் தண்ணீருக்கே தவிக்கிறோம். இப்போது போய் நீச்சல் குளமா?

பத்து வீட்டில் ஏழு வீடு கேட்கும் கேள்வி. 2024-ஐ யாரும் மறக்கவில்லை. நகரத்தில் இருந்த 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக அரசே சொன்னது. அந்த மார்ச்சில் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம். சரியான தடை. நானும் அப்போது குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவள்தான். அதே ஆண்டு அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டு நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வரத் தொடங்கியது. அதைக் காட்டி இனி கவலையில்லை என்று வாதாட மாட்டேன். காவிரி இந்த நகரத்துக்குத் தானாக ஓடி வருவதில்லை. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து கட்டம் கட்டமாகப் பம்ப் செய்து மேட்டுக்கு ஏற்றப்படுகிற தண்ணீர் அது. அதில் ஒரு சொட்டும் குளத்துக்குக் கேட்கவில்லை என்று மனுவின் இரண்டாம் பத்தியிலேயே எழுதியிருக்கிறோம்.

எவ்வளவு தண்ணீர் தேவை? 25 மீட்டரை 15 மீட்டரால் பெருக்கி, சராசரி ஆழம் 1.35 மீட்டரால் பெருக்கினால் 506 கன மீட்டர். அதாவது 5 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும் எண்தான். ஆனால் குளத்துத் தண்ணீரை நாள்தோறும் மாற்றுவதில்லை. மணல் வடிகட்டி வழியாக அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒழுங்காகப் பராமரித்தால் ஆண்டுக்கணக்கில் முழுவதுமாகக் காலி செய்ய வேண்டியிருக்காது.

நாள்தோறும் குறைவதுதான் உண்மைச் செலவு. திறந்த குளத்தில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 1,900 லிட்டர், கூரை போட்டால் இன்னும் குறையும். வடிகட்டியை வாரம் ஒருமுறை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவ 10,000 லிட்டர் என்றால் நாளுக்கு 1,400. ஷவரில் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 250 பேருக்கு 5,000. சிதறுவதையும் சேர்த்து ஏறத்தாழ 9,000 லிட்டர். நபருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் இது நாலு பேர் கொண்ட பதினாறு பதினேழு குடும்பங்களின் ஒருநாள் தேவை. இதில் பெரும்பங்கு ஷவர். குளத்தில் குளித்துவிட்டுப் போகிறவர் வீட்டில் மறுபடி குளிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி வரவு. பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குளத்தின் கூரை 600 சதுர மீட்டர் இருந்தால், விழுகிற மழையில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தாலே 4 லட்சத்து 65 ஆயிரம் லிட்டர். குளத்தின் முழுக் கொள்ளளவுக்கு நெருக்கமான தண்ணீர் ஆண்டுதோறும் அதன் தலையிலேயே விழுகிறது. மழைநீர்ச் சேகரிப்பு 2009 முதல் இந்த நகரத்தில் சட்டப்படி கட்டாயம் ஆனதுதான். நிலத்தடித் தொட்டியும் மீள்நிரப்புக் கிணறும் கட்டடத்தோடு சேர்ந்தே வர வேண்டும். வடிகட்டி கழுவிய தண்ணீரைத் தெளியவைத்துக் கழிப்பறைக்கு விடலாம்.

மழையும் பொய்த்துப் போகிற ஆண்டில்? அப்போது குளத்தை மூடிவைக்க வேண்டும். இதையும் மனுவில் எழுதியிருக்கிறோம். குடம் காயும் தெருவில் குளம் நிறைந்திருந்தால் அக்கம்பக்கத்துக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கும்.

ஏரியைச் சுத்தம் செய்து அதிலேயே நீந்தக் கூடாதா?

என் ஆசையும் அதுதான். ஆனால் பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளித் தீப்பிடித்து எரிந்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலப்பது நிற்கும்வரை ஏரித் தண்ணீரைப் பிள்ளைகளின் வாய்க்கும் காதுக்கும் விட முடியாது. ஏரி மீட்பும் நடக்கட்டும், குளமும் வரட்டும்.

மாநகராட்சிக் குளங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே?

இருக்கின்றன. அல்சூரில் கென்சிங்டன் சாலையில் ஒன்று உண்டு. சாங்கி ஏரிக்குப் பக்கத்தில் ஒன்று, ஜெயநகரில் ஒன்று, பசவனகுடியில் ஒன்று. இந்த நகரத்துக்கு நீச்சலில் பெருமையும் உண்டு. டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் நீந்திய ஸ்ரீஹரி நடராஜ் பெங்களூருக்காரர். பாரிஸ் சென்ற இந்திய அணியிலேயே வயதில் இளையவரான 14 வயது தினிதி தேசிங்கு, நம் ஊர்ப் பெண்.

எங்கள் சிக்கல் தூரம். டின் ஃபேக்டரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய், பிள்ளையைப் பள்ளிக்குமுன் ஆறு மணி வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டுமானால் ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும். ஈரத் தலையோடு அந்தச் சாலை நெரிசலில் திரும்பி வந்து, ஏழரைக்குச் சீருடை மாட்டி அனுப்ப வேண்டும். ஒரு வாரம் செய்யலாம். நீச்சல் ஒரு வாரத்தில் வருவதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் கிணறு இருந்ததால்தான் நாம் கற்றோம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குளம் இருக்கிறதே, கேட்டுப் பார்க்கலாமே?

கேட்டுப் பார்த்தோம். அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். அந்த வீடுகளில் வேலை செய்யும் அக்காமார்களின் பிள்ளைகள் இரும்புக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள்.

ஒலிம்பிக் அளவில் 50 மீட்டரே கேட்டால் என்ன?

50-க்கு 25 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் 25 லட்சம் லிட்டர். நாம் கேட்பதைப் போல ஐந்து மடங்கு தண்ணீர், மின்சாரம், மருந்து. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு 25 மீட்டரே நெடுந்தூரம். ஷார்ட் கோர்ஸ் எனப்படும் உலகச் சாம்பியன் போட்டிகளே 25 மீட்டர் குளத்தில்தான் நடக்கின்றன. பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு ஆறு லேன் தாராளமாகப் போதும்.

பெண்பிள்ளைகளை எப்படி அனுப்புவது?

இந்தக் கேள்வியை அப்பாக்கள் உரக்கக் கேட்கிறார்கள். அம்மாக்கள், அவர்கள் உள்ளே போன பிறகு, படியில் நின்று மெல்லக் கேட்கிறார்கள். அம்மாக்களின் கேள்வியில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: நானும் வரலாமா?

வரலாம். நாள்தோறும் இரண்டு வேளை பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அந்த வேளைகளில் கற்பிப்பவரும் உயிர்காப்பாளரும் சீட்டுக் கொடுப்பவரும் பெண்களாக இருக்க வேண்டும், குளத்தைச் சுற்றிப் பார்வை மறைக்கும் சுவர் இருக்க வேண்டும். பெண்கள் வேளை என்று சொல்லிவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டில் அடுப்பு எரிகிற நேரத்தைக் கொடுக்கக் கூடாது. காலை ஒன்பதரையிலிருந்து பத்தரையும், மாலை நாலிலிருந்து ஐந்தும் எங்கள் தெருப் பெண்கள் கேட்ட நேரங்கள்.

உடையைப் பற்றி: கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது, அதை அணிய எந்தத் தடையும் இருக்கக் கூடாது. நைட்டியும் சுடிதாரும் மட்டும் முடியாது. பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்து ஆளையே கீழே இழுக்கும், அதன் நூல் பிசிறு வடிகட்டியை அடைக்கும். மாதவிலக்கு நாட்களில் வராமல் இருப்பதும் வருவதும் அவரவர் வசதி.

சென்ற ஆண்டு நகரின் இன்னொரு பகுதியில் ஒரு குளத்தில் என் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குத் துணையாகப் போனேன். அவருக்கு நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கரைக் கம்பியை விரல் வெளுக்கும்படி பிடித்திருந்தார். பயிற்றுநர் அவருடைய பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "மல்லாந்து படுங்கள், மேலே கூரையைப் பாருங்கள்" என்றார். காதுக்குள் தண்ணீர் போனதும் முகம் சுருங்கியது. எழுந்துவிட்டார். மறுபடி படுத்தார். நாலாவது முறை இடுப்பு மேலே வந்தது, பாதங்கள் தாமாக மிதந்தன. பயிற்றுநரின் கை நகர்ந்துவிட்டது அவருக்குத் தெரியாது. அவர் கண்ணோரத்தில் வழிந்தது குளத்துத் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில், "இருபது வருஷத்தில் முதுகைக் கீழே வைத்து நான் இப்படிப் படுத்ததே இல்லை" என்றார்.

ஐந்து வயதில் மூழ்கிப் போக இருந்து பிழைத்த ஒரு பெண்ணை, அந்தப் பயம் போக வேண்டும் என்று அவருடைய அப்பா சென்னை செனாய் நகர்க் குளத்தில் இறக்கினார். அவர்தான் 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திய நிஷா மில்லட். எல்லா அப்பாக்களிடமும் இதைச் சொல்கிறேன்.

பலர் இறங்கும் தண்ணீர். சொறி, கண் எரிச்சல், காதுவலி வராதா?

பராமரிக்காத குளத்தில் வரும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் நாமே கண்காணிக்கலாம். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், கார அமில அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். சின்னச் சோதனைப் பெட்டியில் இரண்டு சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். குளத்துத் தண்ணீரின் தரத்துக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, அதன் எண் ஐ.எஸ். 3328. காலையும் மாலையும் எடுத்த அளவை வாசலில் கரும்பலகையில் எழுத வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை.

குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் குளோரின் அதிகம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உருவாகும் பொருள்தான் அந்த வாடையையும் கண் எரிச்சலையும் தருகிறது. இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிப்பதும், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராமல் இருப்பதும், பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விட்டு இறக்குவதும் பாதி நோயைத் தடுத்துவிடும்.

கொசுவைப் பற்றியும் கேட்கிறார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் குளோரின் தண்ணீரில் கொசு முட்டையிட்டு வளர முடியாது. மோட்டாரை நிறுத்திக் குளத்தைக் கவனிக்காமல் விட்டால் பத்தே நாளில் வளரும். மூடும் காலத்திலும் மோட்டார் ஓட வேண்டும்.

குளத்திலேயே ஒரு பிள்ளை மூழ்கிவிட்டால் யார் பொறுப்பு?

படத்தில் காட்டுவதைப்போல மூழ்குகிற பிள்ளை கையைத் தூக்கிக் கத்தாது. மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எழும்பாது. நிமிர்ந்த வாக்கில், சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள் கீழே போய்விடும். பத்தடி தள்ளி நிற்கும் தாய்க்கே தெரியாது. எனவே குளம் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தண்ணீரை மட்டுமே பார்க்கும் இரண்டு உயிர்காப்பாளர்கள் வேண்டும். பயிற்சி கொடுப்பவரையே உயிர்காப்பாளராகக் கணக்குக் காட்டக் கூடாது. அவர் கண் தன் வகுப்பின் மேல் இருக்கும். உயிர்காப்பாளர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் கொடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உறிஞ்சு குழாயின் மூடி உடையாமல் இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும், பெண்பிள்ளைகளின் தலைமுடி அதில் சிக்குவது உண்டு. இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாத நாளில் குளத்தைத் திறக்கவே வேண்டாம்.

இடம் எங்கே இருக்கிறது?

பூங்காவில் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1985-இலேயே கர்நாடகத்தில் சட்டம் வந்துவிட்டது. ஏரி நிலமும் வேண்டாம். லேஅவுட் போடும்போது பொது வசதிக்கென்று ஒதுக்கப்படும் சி.ஏ. சைட் ஒன்றைத்தான் கேட்கிறோம். எந்தெந்த சி.ஏ. சைட் காலியாக இருக்கிறது, எது யாருக்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கௌதமபுரத்துப் பையன்களின் கால்பந்து மைதானத்தைப் போன்ற விளையாட்டு இடம் எதையும் குளத்துக்காகப் பறிப்பதற்கு நாங்கள் ஒப்ப மாட்டோம். பெலேவுக்குச் சிலை வைத்த பகுதி அது.

பணம் யார் தருவார்கள்?

கட்டுவதற்கு மூன்று வாசல்கள் உண்டு. மாநகராட்சி வரவுசெலவுத் திட்டம் ஒன்று. தொகுதி மேம்பாட்டு நிதி இன்னொன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் நம் சட்டமன்ற உறுப்பினருக்கு 2 கோடி ரூபாயும் இதற்கென்று உண்டு. மூன்றாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலத்துக்குச் செலவிட வேண்டும், ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

கட்டுவதைவிட நடத்துவதுதான் கடினம். எனக்குத் தெரிந்த ஒரு குளம், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், ரிப்பன் வெட்டித் திறந்து இரண்டு கோடையோடு பூட்டப்பட்டது. மோட்டார் பழுதானது, பழுது பார்க்கப் பணம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே எட்டிப் பார்த்தேன். நீலத் தரையில் அரசமரக் கன்று முளைத்திருந்தது. ஆகவே கட்டுமானப் பணத்தோடு ஐந்தாண்டுப் பராமரிப்புப் பணமும் சேர்ந்தே ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம். 10 குதிரைத்திறன் மோட்டார் 14 மணி நேரம் ஓடினால் நாளுக்கு நூறு யூனிட்டைத் தாண்டும். கூரையில் 30 கிலோவாட் சூரிய மின்தகடு வைத்தால் அதை ஏறத்தாழ ஈடுகட்டிவிடலாம். கட்டணம் பெரியவர்களுக்கு மாதம் 600 ரூபாய், பிள்ளைகளுக்கு 300, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம் என்பது எங்கள் யோசனை. ஒரு வகுப்புக்கு 30 பிள்ளைகள், நாளுக்கு நாலு வகுப்பு, ஒரு மாதப் பயிற்சி என்று வைத்தால் பத்து மாதத்தில் 1,200 பிள்ளைகள் தண்ணீரில் மிதக்கக் கற்றுவிடுவார்கள். குத்தகைக்காரரிடம் மொத்தமாக விட்டால் முதலில் காணாமல் போவது அந்த இலவச வகுப்புதான். அதற்கு ஒப்ப வேண்டாம்.

எனக்கு மூட்டுவலி. என் மகனுக்குக் கால் சரியில்லை. எங்களுக்கு என்ன?

முதல் உரிமை உங்களுக்குத்தான். கழுத்தளவுத் தண்ணீரில் உடலின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. தரையில் நடக்க முடியாதவர் அங்கே நடப்பார். பெங்களூரின் சரத் கெய்க்வாட், ஒரு கை வளர்ச்சி குன்றியவர், 2012 லண்டன் பாராலிம்பிக்கில் நீந்தினார். 2014 ஆசியப் பாரா விளையாட்டில் ஆறு பதக்கங்கள் வென்றார். சாய்தளமும் கைப்பிடியும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் வராது.

டிசம்பர்க் குளிரில் யார் இறங்குவார்கள்?

குறைவாகத்தான் வருவார்கள். கூரையும் சூரிய வெப்பத் தகடும் கொஞ்சம் உதவும். பெரிய பராமரிப்பு வேலைகளை அந்தக் குளிர் மாதங்களில் வைத்துக்கொள்ளலாம்.

இது தமிழர்களுக்கான குளமா?

இந்தக் கேள்வி எங்கள் தெருவுக்கு வெளியிலிருந்து வந்தது. இல்லை. மனுவைக் கன்னடத்தில்தான் எழுதியிருக்கிறோம், தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் படி எடுத்து வைத்திருக்கிறோம். கையெழுத்து வாங்கப் போகும் எங்கள் குழுவில் கோலார்ப் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார். அவருக்கு முதலில் தோன்றிய சொல் "ஈஜு". எங்களுக்கு "நீச்சல்". ஊரில் கிணற்றில் கற்ற கதையை அவரும் அப்படியே சொன்னார், அவருக்குக் கட்டியது மட்டும் சுரைக்குடுக்கை இல்லை, காய்ந்த கற்றாழைத் தண்டு.

நான் என்ன செய்ய வேண்டும்?

மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்துவிட்டதால் உங்கள் தெரு எந்த மாநகராட்சியில், எந்த வார்டில் வருகிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கையெழுத்தோடு வீட்டு எண்ணும் வார்டும் தெளிவாக எழுதினால்தான் அந்தத் தாள் அலுவலகத்தில் நிற்கும். வீட்டில் ஆறிலிருந்து பதினாறு வயதுக்குள் எத்தனை பிள்ளைகள், அவர்களில் நீச்சல் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். இதுவரை வாங்கிய தாள்களில் இரண்டாவது கட்டத்தில் பெரும்பாலும் சுழியம்தான் இருக்கிறது. அந்தச் சுழியங்களைத்தான் அலுவலர் மேசையில் அடுக்கப் போகிறோம்.

கட்டடப் பொறியாளர், மின்வேலை தெரிந்தவர், கன்னடத்தில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்புகிறோம். அடுத்த வாரம் பையப்பனஹள்ளிப் பக்கத்துத் தெருக்கள்.